அக்காவின் மேல் படுத்திருந்த தண்ணீர்

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் ஒரு மணல்வெளி இருந்தது. அந்த மணலுக்குள் இரண்டு தண்ணீர்கள் குடியிருந்தன. கீழே உவர்நீர், மேலே நன்னீர்.

உவர்நீர் அக்கா. கடலுக்குப் பிறந்தவள், கனத்த உடம்புக்காரி. நன்னீர் தங்கை. மழைக்குப் பிறந்தவள், இலேசானவள். அக்கா மல்லாந்து படுத்திருப்பாள். அவள் வயிற்றின்மேல் தங்கை படுத்திருப்பாள். தூரத்தில் கடல் ஏறும்போது அக்காவின் வயிறு மெல்ல எழும்பும், தங்கையும் எழும்புவாள். கடல் இறங்கும்போது இருவரும் சேர்ந்து தாழ்வார்கள்.

இருவருக்கும் நடுவில் சுவர் கிடையாது. விரித்த பாய்கூடக் கிடையாது. அவர்களைப் பிரித்து வைத்திருந்தது ஒரே ஒரு பழக்கம்தான். யாரும் யாரையும் குலுக்குவதில்லை.

தங்கை வாயைத் திறந்தாலே அக்கா சொல்லுவாள், "மெதுவாப் பேசு."

"மெதுவாத்தானே பேசுறேன்."

"இன்னும் மெதுவா. நீ குதிச்சா நான் எழும்பிடுவேன். நான் எழும்பிட்டா நீ நீயா இருக்க மாட்டே. நானும் நானா இருக்க மாட்டேன்."

தங்கைக்கு அதன் அர்த்தம் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அக்காவின் குரலில் இருந்த பயம் பிடிபட்டது. அதனால் மெதுவாகவே பேசிப் பழகினாள்.

விடிந்ததும் அந்த மணல்வெளிக்குப் பெண்கள் வருவார்கள். மணலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். தோண்டிய குழியில் தண்ணீர் கசிந்து ஊறும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஊறிய பிறகு குனிந்து, தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். சிரட்டைக்கு அவசரம் என்பதே தெரியாது. தங்கையின் தோளை மட்டும் தொட்டு, கூட வருகிறாயா என்று கேட்பதுபோல மொள்ளும். அடியில் அக்கா அசையாமல் கிடப்பாள்.

ரோஸ்லின் என்ற பெண்ணின் ஊற்றுக்குழி அங்கே பனைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளைத் தேடி முத்துநாச்சி அடிக்கடி வருவாள். முத்துநாச்சி தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். மணலுக்குள் அக்காவும் தங்கையும் படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். எத்தனையோ பகல்கள் அந்த மணலில் உட்கார்ந்து, இருவரும் எங்கே தொடுகிறார்கள், எப்போது எழும்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள்.

"வாங்க டாக்டரம்மா," என்றாள் ரோஸ்லின். "ஊசி போடாத டாக்டரு. இந்தத் தடவை எங்க பயணம்?"

"வெளிநாட்டுக்குக்கா. உலகத்துல தண்ணியப் பத்திப் படிச்சவங்களும், தண்ணிக்கு உத்தரவு போடுறவங்களும் ஒரே மண்டபத்துல கூடுறாங்க. அவங்கவங்க ஊர்த் தண்ணியையும் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. நான் நம்ம ஊத்தப் பத்திப் பேசணும்."

"நீயா? பால்வாடியில நாலு பேருக்கு முன்னால பேசச் சொன்னதுக்கே கை உதறுச்சே உனக்கு."

"இப்பவும் உதறுது. பாருங்க." முத்துநாச்சி கையை நீட்டினாள். உண்மையாகவே உதறியது.

ரோஸ்லின் சிரித்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி என்னத்தச் சொல்லப் போற?"

"இங்க நல்ல தண்ணி இருக்கு. ஆனா மெதுவா எடுத்தாத்தான் இருக்கும். இவ்வளவுதான்."

"என் இடுப்பையும் சேத்துச் சொல்லு. குனிஞ்சு குனிஞ்சு நண்டு மாதிரி ஆயிட்டேன். கனவுலகூட குனிஞ்சுதான் நடக்குறேன்."

"அதையும் சொல்றேன்."

ரோஸ்லின் சிரட்டையால் தங்கையை மொண்டு ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றினாள். முத்துநாச்சி மெல்லிய குழாயொன்றை ஆழத்தில் இறக்கி, அக்காவில் கொஞ்சம் எடுத்து இன்னொரு குப்பியில் அடைத்தாள்.

"சிரட்டையையும் கொண்டு போ," என்றாள் ரோஸ்லின். "குப்பி மேல கவுத்து வை. இடிபடாமப் போகும்."

பெட்டியின் இருட்டில் அக்காவும் தங்கையும் முதன்முறையாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நடுவில் இரண்டு கண்ணாடிச் சுவர்கள் இருந்தன.

"அக்கா," என்றாள் தங்கை மெதுவாக. பதில் இல்லை. "அக்கா!" என்று கத்திவிட்டாள். கத்தியதும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கத்து," என்றது அக்காவின் குரல். "இங்க கத்தலாம். நடுவுலதான் கண்ணாடி இருக்கே."

பிறந்ததிலிருந்து மெதுவாகவே பேசிய தங்கை அன்றைக்கு ஆசை தீரக் கத்தினாள், பாடினாள், குப்பிக்குள் குதித்தாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரட்டை மட்டும் "மெதுவா, மெதுவா," என்று பழக்கதோஷத்தில் முனகியது.

கொஞ்ச நேரத்தில் தங்கைக்கு ஏதோ சிலிர்த்தது. அவர்கள் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடியில், பஞ்சு விரித்தாற்போல், மழை தூங்கிக்கொண்டு போனது. "அக்கா, கீழே எங்கம்மா போறாங்க," என்றாள் தங்கை. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

*

மண்டபம் ஆகாயத்தின் இன்னொரு அறை போல இருந்தது. கூரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பேச்சுகள் புகை போல மேலே எழுந்து அங்கேயே தங்கின. ஓரமாக, வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. அதன்மேல் உலகத்துத் தண்ணீர்கள் எல்லாம் குப்பிகளில் உட்கார்ந்திருந்தன. மனிதர்களுக்குத்தான் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி தேவைப்பட்டது. தண்ணீர்களுக்கு எந்த ஊரானாலும் ஒரே மொழி.

பனிமலையிலிருந்து வந்த தண்ணீர் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தது. "என்னை யார் எழுப்பியது?" என்று பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் கேட்டது. மழையே பெய்யாத மலைச்சரிவில் வலை கட்டிப் பிடித்த மூடுபனித் தண்ணீர், தான் தண்ணீர்தானா என்ற சந்தேகத்தில் அடிக்கடி தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டது.

தங்கைக்கு அடுத்தாற்போல் ஒரு பவளத்தீவின் தண்ணீர் இருந்தது. அது பேசும் விதமே விசித்திரமாக இருந்தது. ஒரு வாக்கியத்தை மெல்லிய குரலில் தொடங்கும், கனத்த குரலில் முடிக்கும்.

"நீங்கள் இரண்டு பேரா?" என்று அது கேட்டது.

"ஆமா. இது எங்க அக்கா," என்றாள் தங்கை.

"நானும் ஒரு காலத்தில் இரண்டு பேராக இருந்தேன்."

தங்கை புரியாமல் பார்த்தாள்.

"எங்கள் தீவுக்குக் குழாய் வந்தது," என்றது தீவுத் தண்ணீர். "மேளம் அடித்து வரவேற்றார்கள். மோட்டார் ஓடியது. ஊரே நின்றபடி குளித்தது. நாங்களும் சந்தோஷமாகத்தான் ஏறிப் போனோம். பிறகு ஒரு நாள் காலையில், என்னைக் குடித்த ஒரு குழந்தை முகத்தைச் சுளித்தது. அந்தச் சுளிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் இரண்டு பேர் இல்லை என்று."

"மறுபடி பிரிஞ்சு படுக்க முடியலையா?"

"யாரைப் பிரித்து எங்கே படுக்க வைப்பது?" என்றது மெல்லிய குரல். "இதில் நான் யார் என்றே தெரியவில்லை," என்று முடித்தது கனத்த குரல்.

அக்கா குப்பிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். அவள் இத்தனை காலம் பயந்தது இதற்குத்தான் என்று தங்கைக்கு அப்போது விளங்கியது.

*

அந்த நேரத்தில் மேசைப் பக்கம் ஒருவர் வந்தார். முத்துநாச்சியின் ஊரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, கனகசபாபதி. கடற்கரை ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் திட்டம் அவர் கையில் இருந்தது. நல்ல மனிதர். ரோஸ்லினைப் போன்ற பெண்கள் மணலில் குனிந்து கிடப்பதைக் காரில் போகும்போது பார்த்து, இவர்களை நிமிர வைக்காமல் ஓய்வு பெறமாட்டேன் என்று சபதம் போட்டவர். புதிதாகப் பல் கட்டியிருந்ததால் எதையும் எவர்சில்வர் குழல் வைத்துத்தான் குடிப்பார். அதைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பார்.

பழரசம் குடித்து முடித்தவர் குழலைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு யாரிடமோ பேசப் போனார்.

குழல் பளபளவென்று படுத்திருந்தது. படுத்திருப்பது அதற்குப் பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, பக்கத்துக் குப்பியிடம் பேச்சுக் கொடுத்தது.

"யாரு, புதுசா? எந்த ஊரு?"

தங்கை ஊரைச் சொன்னாள்.

"அட, அந்த மணல்காடா! அப்ப நீ நம்ம சொந்தம் ஆகப்போற. எங்க பெரியப்பா மகன் அங்கதான் வரப்போறாரு."

"யாரு அவரு?"

"ஆழ்குழாய். நான் இத்துனூண்டு. அவரு பனைமரத்துக்கு அண்ணன். நேரா எறங்கி நிப்பாரு பாரு, பூமிக்குள்ள போர்வீரன் மாதிரி. தலையில மோட்டார வச்சாச்சுன்னா ஒரே உறிஞ்சு. எங்க வம்சமே அப்படித்தான். நாங்க உறிஞ்சி முடிச்ச டம்ளர்ல கடைசியா ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கியா? அதுதான் எங்க குலப்பாட்டு."

"அவரு எப்ப வர்றாரு?"

"அந்தப் பொண்ணு மேடையில பேசணும். ஊத்துல நல்ல தண்ணி இருக்குன்னு சொல்லிட்டாப் போதும். டீ குடிச்ச கையோட எங்க ஐயா ஒப்புதல் குடுத்துடுவாரு. உலகமே சாட்சி. கல்யாணம் மாதிரிதான்."

"அங்க நான் தனியா இல்ல," என்றாள் தங்கை. "எனக்குக் கீழே அக்கா இருக்கா."

"இருக்கட்டுமே. பெரியப்பா மகன் மேலதான் நிப்பாரு. உன்னை மட்டும்தான் எடுப்பாரு. அக்காவை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட வேண்டாம். குலுக்கினாலே எழும்பி வந்துடுவா."

குழல் சிரித்தது. அதன் சிரிப்பு ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே போனது. "கீழே இருக்கிறவ எப்படி மேலே வருவா? நல்லாக் கதை விடுற."

தங்கை மேடையைப் பார்த்தாள். அங்கே முத்துநாச்சி ஏறிக்கொண்டிருந்தாள். 'அவளுக்குத் தெரியும்,' என்று தங்கை தன்னையே தேற்றிக்கொண்டாள். 'மெதுவா எடுத்தாத்தான் இருக்கும்னு அவ சொல்லிடுவா.'

*

முத்துநாச்சிக்குத் தெரியும். சொல்லவும் நினைத்திருந்தாள். ஆனால் அவள் படித்த இடத்தில் பேச்சுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கண்டுபிடித்ததை முதலில் சொல்ல வேண்டும், அதற்குரிய எச்சரிக்கையைக் கடைசியில் சொல்ல வேண்டும். தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து படித்தவள் அவள். அந்த முறையை ஒரு மயிரிழைகூட மாற்றாமல் பேச்சைத் தயாரித்திருந்தாள்.

மைக்கின் முன்னால் போய் நின்றாள். திரையில் மணல்வெளி தெரிந்தது. கடல் தெரிந்தது. ரோஸ்லினின் குனிந்த முதுகு தெரிந்தது. "கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இந்த மணலுக்குள், குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர் இருக்கிறது," என்று அவள் சொன்னாள்.

மண்டபம் கைதட்டியது. தட்டிய கைகளில் பெரும்பாலானவை வறண்ட ஊர்களிலிருந்து வந்தவை. அவர்களுக்கு அது திருவிழாச் செய்தி. கைதட்டல் நிற்பதாயில்லை. முத்துநாச்சி உதடுகளை அசைப்பது தெரிந்தது. அடுத்த படத்துக்குப் போகக் கையை உயர்த்தினாள். மணி அடித்துவிட்டது. அடுத்தவர் மேடைக்கு வந்து நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு படம்..." என்றாள் அவள். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மேசைமேல் தங்கை குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். "சொல்லலையே," என்றாள். "அக்கா, அவ பாதியைத்தான் சொன்னா."

"பாதி உண்மை யாரும் தடுக்காமல் நேராக நடந்து வரும்," என்றது தீவுத் தண்ணீர். "எங்கள் ஊருக்கு அப்படித்தான் வந்தது."

கனகசபாபதி படியிறங்கி வந்த முத்துநாச்சியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பிரமாதம்மா. கையே தட்டிட்டாங்க பாத்தியா? டீ முடிஞ்சதும் நம்ம திட்டத்துக்கு ஒப்புதல். மோட்டார் போட்டுத் தள்ளிடுவோம்."

"சார், கடைசிப் படம் காட்டலை. அதுலதான் முக்கியமானது இருக்கு. மோட்டார் போட்டா உப்பு ஏறிடும் சார்."

"மேலாகத்தாம்மா வைக்கப் போறோம். உப்புத் தண்ணி அடியில கெடக்குன்னு ஊர்லயே நீதானே சொன்னே? அதை நாம ஏன் தொடப் போறோம்? ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு 'ஆனால்' இருக்கத்தான் செய்யும். 'ஆனால்' பார்த்தா அந்தப் பொண்ணுங்க எப்ப நிமிர்றது? போ, ஒரு டீ குடி."

அவர் சொன்னதில் ரோஸ்லினின் இடுப்பும் இருந்தது. அதனால் முத்துநாச்சியால் சட்டென்று எதிர்த்துப் பேச முடியவில்லை. மேசைப் பக்கம் வந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. டீக் கோப்பைகளின் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அது ஓய்ந்துவிட்டால் ஒப்புதல்.

அவள் பார்வை சிரட்டைமேல் விழுந்தது.

*

காலியாக இருந்த ஒரு கண்ணாடி டம்ளரை அவள் எடுத்தாள். முதலில் அக்காவை அதில் ஊற்றினாள். பிறகு சிரட்டையை அக்காவின் மேல் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் தங்கையை நூல் போல வழியவிட்டாள். பேச்சென்றால் உதறுகிற கை இப்போது உதறவில்லை. இந்த வேலை அந்தக் கைக்குப் பழகிய வேலை.

தங்கை மறுபடியும் அக்காவின் வயிற்றின்மேல் படுத்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் அக்கா.

"வந்துட்டேன்."

"மெதுவாப் பேசு."

கனகசபாபதி திரும்பி வந்தார். முத்துநாச்சி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், நம்ம ஊத்துத் தண்ணி. கீழே உப்பு, மேலே நல்ல தண்ணி. மண்ணுக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்கு. மேலாக ஒரு வாய் பாருங்க."

சிரட்டையால் மேலே தொட்டு அவருக்குக் கொடுத்தாள். அவர் உதட்டில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தித்திக்குதேம்மா! எங்க, இன்னும் கொஞ்சம்."

சிரட்டையில் குடிக்க அவருடைய பல் இடம் கொடுக்கவில்லை. கை தானாகவே எவர்சில்வர் குழலை எடுத்தது.

முத்துநாச்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

குழல் நேராக இறங்கி, தங்கையின் நடுவில் போர்வீரனைப் போல நின்றது. "பாத்தியா?" என்றது. "மேலதான் நிக்கிறேன். உங்க அக்காவை ஒரு விரல்கூடத் தொடலை."

தங்கை அடியைப் பார்த்தாள். அக்கா இறுகிக்கொண்டு கிடந்தாள். தன் கனத்தையெல்லாம் சேர்த்து டம்ளரின் அடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். உறிஞ்சல் தொடங்கியது. தங்கை மேலே மேலே போனாள். போன இடத்தில் ஒரு வெற்றிடம், அந்த வெற்றிடத்தின் இழுப்பு அக்காவின் வயிற்றைப் பிடித்தது. சமமாக இருந்த வயிறு நடுவில் மட்டும் ஒரு சின்ன மணல்மேடு போல எழும்பியது.

"தங்கச்சி," என்றாள் அக்கா. "என்னால புடிச்சு வைக்க முடியலை. நான் எழும்புறேன்டி."

தங்கைக்குத் தீவுத் தண்ணீரின் இரட்டைக் குரல் ஞாபகம் வந்தது. அக்காவோடு கலந்துவிட்டால் அக்கா என்று கூப்பிட ஒருத்தி இருக்கமாட்டாள். கூப்பிடுகிறவளும் இருக்கமாட்டாள். பிறகு அவளுக்கு மணல்வெளி ஞாபகம் வந்தது. அங்கே படுத்திருக்கும் பெரிய அக்காவும், அவள்மேல் படுத்திருக்கும் பெரிய தங்கையும், நடுவில் பாய்கூட இல்லாமல்.

"வா அக்கா," என்றாள். "இங்க வந்துடு. அங்க வராம இருக்கணும்னா இங்க வந்துடு."

அக்கா பிடியை விட்டாள்.

கனகசபாபதியின் முதல் வாய் தித்தித்தது. இரண்டாவது வாயில் அவர் புருவம் நெளிந்தது. மூன்றாவது வாயில் முகம் முழுக்கச் சுளித்து, குழலை எடுத்துவிட்டு இருமினார்.

"என்னம்மா இது? உப்பு! நான் மேலதானே வச்சேன்? அடியைத் தொடவே இல்லையே!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொடலை சார்," என்றாள் முத்துநாச்சி. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேகமா உறிஞ்சுனீங்க. அவ்வளவுதான்."

அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கலான ஒரே தண்ணீர். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. சிரட்டையால் மறுபடியும் மேலாகத் தொட்டு நாக்கில் வைத்தார். அதுவும் உப்பு. அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

பவளத்தீவிலிருந்து வந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். டம்ளரில் விரலை நனைத்து ருசித்தாள். "இது எங்கள் வீட்டுத் தண்ணீர்," என்றாள்.

டீக் கோப்பைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?" கனகசபாபதியின் குரலில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது. "அந்தப் பொண்ணுங்க காலம் பூராக் குனிஞ்சே கெடக்கணுமா?"

"இல்ல சார். குனியாமயும் எடுக்கணும், குலுக்காமயும் எடுக்கணும். அதுக்கு வழி என்னன்னு எனக்குத் தெரியலை. இங்க வந்திருக்கிறவங்களைக் கேக்கணும்னுதான் அந்தக் கடைசிப் படத்தை வச்சிருந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு இன்னொரு நாற்காலி. தீவுக்காரி, தங்கள் ஊரில் செய்த தப்பை ஒளிக்காமல் சொன்னாள். வேறொரு கடற்கரையிலிருந்து வந்தவர், குழாயை நிற்க வைக்காமல் மணலில் ஆழமில்லாமல் படுக்க வைத்துப் பார்த்தோம், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது என்றார். கனகசபாபதி திட்டக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

மேசைமேல் கிடந்த எவர்சில்வர் குழல் சிரட்டையைக் கேட்டது. "படுக்குற குழாயா? எங்க வம்சத்துல யாருமே படுத்ததில்லையே."

"மெதுவாப் பழகிக்கலாம்," என்றது சிரட்டை.

*

டம்ளரில் மிஞ்சியதை, மண்டபத்தைக் கூட்ட வந்தவர் சன்னலோரம் இருந்த செடித்தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார். அங்கே வெயில் அடித்தது. தொட்டி மண்ணில் ஒரு வெள்ளை வளையம் தங்கியது. வளையத்தை விட்டுவிட்டு ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல், சன்னல் வழியாக ஆகாயத்துக்குப் போனது.

முத்துநாச்சி சிரட்டையோடு மட்டும் ஊர் திரும்பினாள்.

"தண்ணி எங்க?" என்றாள் ரோஸ்லின்.

"குடிச்சிட்டாங்கக்கா."

"நல்லா இருக்குன்னாங்களா?"

"உப்புன்னாங்க."

"என் ஊத்தா உப்பு? எவன் சொன்னது?" ரோஸ்லின் சண்டைக்கே எழுந்துவிட்டாள். முத்துநாச்சி சிரித்துக்கொண்டே உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னாள். இந்த முறை கடைசியிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. மணல்வெளியில் நாளெல்லாம் பெய்தது. எந்த மேகத்தில் ஏறி வந்தாளோ, மழையோடு மழையாக மணலுக்குள் இறங்கி, அக்காவின் வயிற்றின்மேல் வந்து படுத்தாள் தங்கை.

அங்கே புதிதாக யாரோ படுத்திருப்பது தெரிந்தது. நீளமாக, ஒல்லியாக, உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளைகளோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய ஒரு முனை மேலே எழுந்து, ஒரு கைப்பம்பில் போய் முடிந்தது. மேலே ரோஸ்லின் நிமிர்ந்து நின்று பம்பை அடித்துக்கொண்டே, "என்ன நாச்சி இது, நூல் மாதிரி வருது!" என்று குறை சொல்லுவது மணலைத் தாண்டிக் கேட்டது.

"யாரு நீ?" என்றாள் தங்கை.

"குழாய்," என்றான் அவன் தயங்கித் தயங்கி. "எங்க வீட்டுல எல்லாரும் நிக்கிறவங்க. படுக்கச் சொல்லி அனுப்பின முதல் ஆள் நான்தான். ஏதாவது தப்பாச் செஞ்சா..."

"மெதுவாப் பேசு," என்றார்கள் அக்காவும் தங்கையும், இரண்டு குரலில்.